டோர்ஸ்கி கார்டின் பின்பக்கம்

சனிக்கிழமை காலைகளில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது க்ளெம் ஹூடாக்கின் வேலை. கடையைக் கூட்டுவது, ஃபோன் எடுப்பது, கல்லாவைப் பார்ப்பது எல்லாம் மனைவி ஜாய்ஸ். கண்ணாடியை மட்டும் அவளைத் தொட விடமாட்டான். வினிகர் கலந்த தண்ணீரில் பழைய செய்தித்தாளை நனைத்து மூலைக்கு மூலை இழுப்பான், பிறகு காய்ந்த தாளால் ஒற்றியெடுப்பான். அன்று ஒரே பெட்டியை இரண்டாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். மதியம் தங்கை பெர்னடீன் வருவதாகச் சொல்லியிருந்தாள், தன் கார்டை வாங்கிக்கொண்டு போக.

லொரைன் நகரத்தில் கப்பல் கட்டும் தளத்தை மூடியபோது க்ளெமுக்கு நாற்பது தாண்டியிருந்தது. படித்துமுடித்த நாளிலிருந்து வெல்டிங் தவிர வேறொன்றும் அறியாதவன். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் டெக்சாஸ் போனார்கள், சிலர் குடிக்கப் போனார்கள். பழைய செருப்புக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து பேஸ்பால் ஆட்டக்காரர்கள் படம் போட்ட கார்டு விற்கப்போகிறேன் என்று இவன் சொன்னதும், "பபிள்கம்மோட வர்ற அட்டையா? அதை எவன்டா காசு கொடுத்து வாங்குவான்?" என்று சிரித்தார்கள். இப்போது தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில், சிரித்தவர்களே சனிக்கிழமை ஆனால் அக்குளில் ஷூ பெட்டியை இடுக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

அவர்கள் நீட்டும் கார்டை க்ளெம் ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்குவான். முதலில் நாலு மூலை. கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் உதடு பிதுங்கும். அடுத்து, படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் நாலு பக்கமும் ஒரே அகலமா என்று பார்ப்பான். மேல் மினுமினுப்பு போகாமல் இருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா என்று விளக்குக்குச் சாய்த்துப் பார்ப்பான். கொண்டுவந்தவன் முகம் மலர ஆரம்பிக்கும் நேரத்தில், "மூஞ்சி சரி. முதுகைக் காட்டு" என்று திருப்புவான். பல பேருடைய கனவு அங்கேதான் கலையும். பசைக் கறை, மெழுகுக் கறை, பையன்கள் பேனாவால் போட்ட கையெழுத்து. "சுத்தம் பண்ணிடலாமா க்ளெம்?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "கை வைக்காதே. அழுக்கா இருந்தா அது பழைய கார்டு. நீ கை வெச்சா அது பொய்க் கார்டு."

அபூர்வம் எப்படி உண்டாகிறது என்று கேட்பவர்களுக்கு அவனிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. "உங்கம்மா உன் கார்டையெல்லாம் குப்பையில போட்டாங்கல்ல? அவங்க போட்டதாலதான் மிச்சம் இருக்கறதுக்கு மவுசு. அம்மாக்களுக்கு ஒரு சிலை வைக்கணும்." கடையே சிரிக்கும். பெர்னடீன் இருந்தால் சிரிக்கமாட்டாள். க்ளெமும் அவள் இருக்கும்போது அதைச் சொல்வதில்லை.

அவர்கள் அம்மா குப்பையில் போடவில்லை, எரித்தாள். ஐம்பத்திரண்டாம் வருஷம் அக்டோபரில் மூத்த பையன் ரூடி போலியோவில் போனான். பன்னிரண்டு வயது. காய்ச்சல் கண்ட அன்று மாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அந்த வாரத்துக்குள் முடிந்துவிட்டது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவன் தொட்டதை வைத்திருக்காதே என்று தெருவே சொன்னது. கொல்லையில் எண்ணெய் பீப்பாயில் தீ மூட்டி, அவன் மெத்தை, சட்டை, பள்ளி நோட்டுகள், கார்டுப் பெட்டிகள் எல்லாவற்றையும் போட்டாள். ரூடியோடு ஒரே கட்டிலில் படுத்த க்ளெம் ஜன்னலில் நின்று பார்த்தான். கார்டுகள் எரியும்போது பச்சையாக ஒரு சுவாலை வந்தது.

ஒன்று மட்டும் தப்பியது. எட்டு வயது பெர்னடீன் அதைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

வால்ட் டோர்ஸ்கி என்ற புதுப் பந்துவீச்சாளனின் முதல் கார்டு அது. கோடை முடிந்து பையன்களுக்குக் கால்பந்துக் கிறுக்கு பிடித்த நேரத்தில் வந்த, அந்த வருஷத்துக் கடைசி வரிசை. பெட்டி பெட்டியாக விற்காமல் திரும்பிப் போனதால் வெளியே தங்கியவை கொஞ்சம்தான். ரூடிக்குக் கிடைத்த நேரத்தில் டோர்ஸ்கியை அவர்கள் பக்கத்து ஊர் கிளீவ்லண்ட் அணி சிகாகோவுக்கு விற்றுவிட்டிருந்தது. ஆள் அணி மாறினால் கார்டின் பின்பக்கம் பழைய ஊரை அடித்துப் புதிய ஊரை எழுதிவைப்பது அந்தத் தெருப் பையன்கள் எல்லோரும் செய்கிற காரியம். ரூடியும் பென்சிலால் கிளீவ்லண்டை அடித்து, சிகாகோ என்று எழுதினான். ஆத்திரம் தீராமல் கீழே 'துரோகி' என்றும் எழுதினான். "இந்தா, நீயே வெச்சுக்கோ. இவன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்" என்று தங்கையிடம் வீசினான். அதனால்தான் அது அவளிடம் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பெர்னடீன் பள்ளிச் சமையலறை வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தாள். ஜெபப் புத்தகத்தின் முதுகு விட்டுப்போயிருந்தது.

"இதுக்கு ஒரு கெட்டி பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுடா. பூசையில எழுந்து நிக்கும்போதெல்லாம் விழுது. ஒருநாள் தொலைச்சிடுவேன்."

"விக்கிற எண்ணம் உண்டா?"

"அடி வாங்குவ."

"சும்மா கேட்டேன்."

"சும்மாகூட கேக்காதே."

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் கார்டு இருப்பது அவனுக்கு எப்போதும் தெரியும், ஆனால் தங்கையின் கார்டாகத்தான் தெரியும். தொழில்காரன் கண்ணால் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் வெளிச்சமே படாமல் ஜெபங்களுக்கு நடுவில் அழுந்திக் கிடந்ததில், மூலைகள் நேற்று வெட்டியதுபோல இருந்தன. நாலு ஓரமும் சமம். டோர்ஸ்கியின் தொப்பி நீலம் துளிகூட வெளிறவில்லை. இப்படி ஒரு டோர்ஸ்கி நாட்டில் வேறு எங்காவது இருக்குமா என்று நினைத்தான். திருப்பினான். பென்சில்.

யாருடைய பென்சில் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கை வேலையில் இறங்கிவிட்டது. வெள்ளை ரப்பரை முனை சீவி, அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்தான். உதிர்ந்த தூளை ஊதினான். ஜாய்ஸின் பழைய நைலான் காலுறையால் மேலாகத் தடவினான். நல்ல பற்றவைப்பு ஒன்று அமைந்த நாளில் வருகிற சந்தோஷம் வந்தது. பெர்னி பார்த்தால் என்ன சொல்வாள் என்றுகூட ஆசையாக நினைத்தான். அதன்பிறகுதான், பழக்க தோஷத்தில், கார்டை விளக்குக்குச் சாய்த்தான். ரூடி ஆத்திரத்தில் அழுத்தி எழுதியிருக்கிறான். கறுப்பு போன இடத்தில் கீறல் தெரிந்தது, எழுத்தாகப் படிக்கமுடியாத வெறும் கீறல். வேறொருவன் கொண்டுவந்திருந்தால் க்ளெம் கார்டைத் திருப்பித் தள்ளியிருப்பான்.

ஜாய்ஸ்தான் முதலில் பார்த்தாள். தங்கை வருவதாக இருந்த அந்தச் சனிக்கிழமை, அவன் கண்ணாடி துடைத்து முடித்ததும், உறையைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"ரூடி எழுதினது எங்க?"

"எடுத்துட்டேன்."

"எங்க எடுத்து வெச்சிருக்க?"

"எடுத்துட்டேன்னா... அழிச்சிட்டேன். சுத்தமா இருக்கட்டும்னு."

அவள் உட்கார்ந்தாள். "அவகிட்ட நீயே சொல்லிக்கோ. நான் பேங்குக்குப் போறேன்."

"சனிக்கிழமை மதியம் ஏது பேங்க்?"

"இல்லாத பேங்குக்குப் போறேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெர்னடீன் வந்தபோது கடையில் வெர்ன் டோகார் மட்டும் இருந்தான், தளத்தில் கூட வேலை பார்த்தவன். க்ளெம் உறையை மேசையில் முகம் மேலாக வைத்தான். வெர்ன் எட்டிப் பார்த்து விசிலடித்தான்.

"அம்மாடி. பெர்னி, என் படகைத் தரேன். அதை இழுக்கற லாரியையும் தரேன். பொண்டாட்டியையும் வேணும்னா சேத்துக்கோ."

"உன் பொண்டாட்டி சம்மதிப்பா, நான்தான் சம்மதிக்க மாட்டேன்" என்றாள் பெர்னடீன். சிரித்துக்கொண்டே உறையை எடுத்தாள். "பரவாயில்லையே, பளபளன்னு..." என்று திருப்பினாள்.

சிரிப்பு உடனே போகவில்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தாள், மறுபடி திருப்பினாள், தப்பான கார்டைக் கொடுத்துவிட்டானோ என்பதுபோல.

"உள்ள வா" என்றான் க்ளெம். வெர்ன் என்ன புரிந்துகொண்டானோ, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பின்னறையில் அவள் உட்காரவில்லை. க்ளெம் பேசினான். மூலைகளைப் பற்றிச் சொன்னான், ஓரங்களைப் பற்றிச் சொன்னான். பின்பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தால் இதற்கு இணையே கிடையாது என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நடுவில் நிறுத்தினான். அவன் குரல் அவனுக்கே கடைக்காரன் குரலாகக் கேட்டது.

"உறை போட்டுக் கொடுன்னு சொன்னேன்" என்றாள் பெர்னடீன்.

"ஆமா."

"வேற ஒண்ணும் சொல்லலியே."

"இல்ல."

"அந்த எழுத்தைப் பத்தி உன்கிட்ட சொல்லணும்னுகூட எனக்குத் தோணல க்ளெம். உன்கிட்ட போயா அதைச் சொல்லணும்?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கார்டைச் சாய்த்துப் பார்த்தாள், அவன் பார்த்த அதே மாதிரி. கீறல் மேல் கட்டைவிரலை வைத்தாள். நடுவில் பிளாஸ்டிக் இருந்தது.

"அவன் எழுதினது வேற எதுவும் கிடையாது. நோட்டெல்லாம் எரிஞ்சுபோச்சு. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"திட்டறதுக்கு வரல. ஒண்ணு மட்டும் சொல்லு." அவள் குரல் தணிந்தது. "கடைசியா அதைப் பார்த்தது நீதான். அந்த 'துரோகி'யை அவன் எப்படி எழுதியிருந்தான்? பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்த மாதிரி எழுத்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்து எழுதியிருந்தானா, இல்ல தனித்தனியாவா? எனக்குச் சாய்ஞ்ச மாதிரி ஞாபகம். சரியான்னு கேக்க வேற ஆள் இல்ல."

க்ளெம் கண்ணை மூடிக்கொண்டான். இடது ஓரத்தின் அகலம் ஞாபகம் வந்தது. மேல்மூலையில் அச்சு மை விட்ட ஒரு சிறு புள்ளி ஞாபகம் வந்தது. ரப்பர் தூள் சாம்பல் நிறமாகச் சுருண்டதும், அதை ஊதியதும் ஞாபகம் வந்தன. எழுத்து வரவில்லை. அந்த இடத்தில் அவன் பார்த்தது ஒரு குறையைத்தான். அண்ணனின் முழங்கை இரவெல்லாம் தன் விலாவில் இடித்ததை இப்போதும் சொல்வான். அவன் எழுத்து சாய்ந்திருந்ததா, நிமிர்ந்திருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது பெர்னடீன் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல அவனுக்கு நிறைய நேரம் கொடுத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து கார்டை வைத்தாள், மூடினாள், விளக்கை அணைக்காமல் வெளியே போனாள்.