ரொக்கெட்டும் மாட்டு நானாவும்

எங்கள் நாயை நான் உலாத்தக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் கட்டைபறிச்சான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் கயிற்றின் ஒரு முனையில் அது இழுக்கும், மறுமுனையில் நான் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு ஓடுவேன். வயல் வரம்பு, குளக்கட்டு, களப்போரம், பற்றைக்காடு என்று என் ஊரை நான் படித்தது முழுவதும் அந்த நாயின் பின்னால்தான். எந்தப் பாலை மரம் முதலில் பழுக்கும், எந்தப் புற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது, களப்பில் கொக்குகள் எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் ஆறாம் வகுப்பில் என்னைப்போல் தெரிந்தவர்கள் யாருமில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்குப் பரீட்சை வைக்காதது என் கெட்டகாலம்.

நாயைக் கொண்டுவந்தவர் சின்ன மாமா. ஒரு நாள் மார்க்கெட் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டார். விட்ட வேகத்தில் அது வளவை மூன்று சுற்றுச் சுற்றி, கோழிகளைக் கூரையில் ஏற்றி, அம்மாவின் கால்களுக்கிடையால் குசினிக்குள் புகுந்தது. மாமா கைதட்டிச் சிரித்து அதற்கு ரொக்கெட் என்று பெயர் வைத்தார். அம்மாவுக்குப் பெயர் பிடிக்கவில்லை. "அந்தச் சொல்லை வளவுக்குள்ள நிண்டு கத்திக் கூப்பிட என்னால ஏலாது. சண்டைக்குள்ள ரொக்கெட் விழுந்து பட்டது காணும்" என்றாள். அதனால் அம்மா கடைசிவரை அதைச் "சனியன்" என்றே கூப்பிட்டாள். அது அந்தப் பெயருக்கும் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்தது.

ரொக்கெட்டுக்கு எங்கள் வீட்டாரை விட ஒருவர் மேல்தான் பிரியம் அதிகம். அவர் மாட்டு நானா. மூதூர்க்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அறுவடை முடிந்ததும் தன் மாடுகளை எங்கள் பக்கத்து வயல்களில் மேய்க்கக் கொண்டுவருவார். அவரிடம் எப்போதும் பாலும் மாடும் கலந்த ஒரு வாசம் இருக்கும். அது காற்றில் வந்தால் போதும், கயிறும் நானும் அந்தரத்தில் பறப்போம். அவரோ தூரத்திலேயே கம்பைத் தூக்கிவிடுவார்.

"மகள், நாயப் புடிங்க! உடுப்புல வாய வெச்சா எனக்குத் தொழ ஏலாது!"

முஸ்லிம் ஆட்கள் நாயைத் தொடமாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது மற்ற நாய்களுக்கு உள்ள சட்டம் என்றும், ரொக்கெட்டைப் போன்ற ஒரு நாய்க்கு அதில் விதிவிலக்கு இருக்க வேண்டும் என்றும் நான் உறுதியாக நம்பினேன். எந்த நாய் தினமும் இரண்டு தரம் குளத்தில் குளிக்கிறது? ஊரில் பல மனிதர்களே அந்த விஷயத்தில் அதற்குக் கிட்ட நிற்க முடியாது.

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. குளக்கட்டுக்கு அப்பால் போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நான் மீறவில்லை. குளக்கட்டில் நின்ற ஓர் உடும்புதான் மீறியது, அதைத் துரத்திக்கொண்டு ரொக்கெட் மீறியது, கயிறு என் கையை உரித்துக்கொண்டு போனதால் நானும் பின்னால் போனேன். பற்றைக்குள் அது மறைந்த கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. நாய் அப்படிக் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பன்றிக்கு யாரோ வைத்த கம்பிச் சுருக்கு அது. இடுப்பையும் பின்கால் ஒன்றையும் சேர்த்து இறுக்கியிருந்தது. கம்பியின் மறுமுனை ஒரு மரத்தில் கட்டியிருந்தது. ரொக்கெட்டுக்குத் தெரிந்தது ஒரே வித்தை, முழுப் பலத்தோடு இழுப்பது. இழுக்க இழுக்கச் சுருக்கு உள்ளே போனது. நான் கம்பியைப் பிடித்தேன், அசையவில்லை. இரண்டாம் முறை பிடித்தபோது, என் கையில் சோறு தின்று வளர்ந்த நாய் என்னையே கடிக்க வந்தது. அது சாகப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. அழுதுகொண்டே செம்மண் கிறவல் ரோட்டுக்கு ஓடினேன்.

வெயிலில் ஒரு சைக்கிள் வந்தது. மாட்டு நானா. அன்றைக்கு அவரிடம் மாடும் இல்லை, கம்பும் இல்லை. வெள்ளைச் சேட், வெள்ளைச் சாரம், தலையில் தொப்பி. மாடுகளைப் பட்டியில் விட்டுவிட்டு, குளித்து, மூதூருக்கு ஜும்மா தொழப் போய்க்கொண்டிருந்தார்.

"நானா, ரொக்கெட் சாகப்போகுது! சுருக்கில மாட்டிட்டுது! வாங்கோ!"

அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார்.

"பெரியாக்கள் ஆருமில்லையா மகள்?"

"ஒருத்தரும் இல்லை நானா."

வயல்களுக்கு அப்பாலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் மெல்லியதாக வந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பற்றையில் சாத்தினார். தொப்பியைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்க, காட்டுங்க" என்றார்.

மாடு வளர்க்கிறவருக்குத் துடிக்கிற உடம்பைப் பிடிக்கத் தெரியும். நாயின் தலையைத் தன் அக்குளுக்குள் இறுக்கினார். முழங்காலால் அதை மரத்தின் பக்கம் தள்ளி, தொய்ந்த கம்பியை இரண்டு விரலால் நெகிழ்த்தினார். சுருக்கு விட்டது. அடுத்த கணம் ரொக்கெட், இத்தனை மாதமாகக் கிடைக்காத வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தில், அவர் முகத்தையும் தாடியையும் காதையும் ஒரு மூலை விடாமல் நக்கித் தீர்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு "யா அல்லாஹ்" என்றார். நான் அழுகையோடு சிரித்தேன். இனி இவர்கள் இருவரும் சிநேகிதர்கள் என்று நினைத்தேன்.

நாயால் நடக்க முடியவில்லை. அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து மிதித்தார். நான் பின்னால் ஓடினேன். வெள்ளைச் சேட்டில் இரத்தமும் எச்சிலும் சேறுமாக அவர் எங்கள் படலைக்குள் நுழைந்தபோது அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ நானா, உங்கட உடுப்பு!"

"அது கிடக்கட்டும் தங்கச்சி. நாயப் பாருங்க. எனக்குக் கிணத்தடியக் கொஞ்சம் தாங்க."

அம்மா பெட்டியைத் திறந்து அப்பாவின் புதுச் சாரத்தையும் சேட் ஒன்றையும் எடுத்துக் கொடியில் போட்டாள். தானே தண்ணீர் அள்ளினாள். அவர் வாழையடியில் ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீரில் குழைத்து, முகம், தாடி, கை, நெஞ்சு எல்லாம் பூசினார். அம்மா வாளியைச் சரித்து ஊற்றினாள். கழுவினார். மறுபடி ஊற்றினாள். மறுபடி கழுவினார். நான் குசினிப் படியில் ரொக்கெட்டின் காயத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு எண்ணினேன். நாலாம் தரத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"அம்மா, எங்கட நாய் அவ்வளவு ஊத்தையோ?" என்று அவருக்குக் கேட்கும்படியே கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பின்னேரம் எனக்குப் பூசை இருக்கிறது என்று தெரிந்தது. நானா முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல நாய்தான் மகள். இது எனக்கும் படைச்சவனுக்கும் உள்ள கதை."

அம்மா அடுத்த வாளியை அள்ளினாள். "இன்னும் மூண்டு, நானா" என்றாள். அவளும் எண்ணியிருக்கிறாள்; நாய் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நனைந்த உடுப்பை ஒரு பையில் கட்டிக்கொண்டு அவர் ரோட்டில் ஏறியபோது, மூதூர்ப் பக்கமிருந்து தொப்பியோடு சிலர் சைக்கிளில் வந்தார்கள். தொழுகை முடிந்துவிட்டது. அப்பாவின் கட்டம்போட்ட சாரத்தைப் பார்த்து ஒருவர் ஏதோ கேட்டார். நானா எங்கள் படலையைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் நாயைப் பற்றிக் கோள் சொல்கிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

ஒரு மாதத்தில் ரொக்கெட் பழையபடி என்னை இழுத்துக்கொண்டு வயலுக்குள் ஓடத் தொடங்கியது. வாசம் வந்தது, கயிறு பறந்தது. மாட்டு நானா தூரத்திலேயே கம்பைத் தூக்கினார். "மகள், நாயப் புடிங்க!" நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தவருக்கு இப்போது கிட்ட வரவும் கூடாதாம் என்று மூஞ்சியை நீட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். அந்த வருடம் முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. கண்ட இடமெல்லாம் "நாய்க்குக் கால் சுகமா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஏழு தரம் கழுவினார் என்று எண்ணி வைத்திருந்தேன், அந்தக் கணக்குப் பிழை இல்லை. ஆனால் கிறவல் ரோட்டில் ஒரு காலை ஊன்றிப் பாங்கு வந்த பக்கம் பார்த்து நின்ற அந்தச் சின்ன நேரத்துக்குள், அந்த ஏழு கழுவலையும், தவறப்போகிற தொழுகையையும், ரோட்டில் கேட்கப்போகிற சிரிப்பையும் அவர் எண்ணி முடித்துவிட்டுத்தான் சாரத்தை மடித்துக் கட்டினார் என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.