என் பெயரில் வீங்கிய கால்கள்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஆணி கம்பெனியில் முதன்முதலாக இன்சூரன்ஸ் பணம் பிடித்த வாரம், எங்கள் ஷெட்டில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. அதற்கு முன்பு காய்ச்சலோடும் வேலைக்கு வருவோம். வராவிட்டால் கூலி கிடையாது. இப்போது சர்க்கார் புதுச் சட்டம் போட்டு, எங்கள் கூலியில் ஒரு பங்கும் முதலாளியிடம் ஒரு பங்கும் வாங்கி, தண்டையார்பேட்டையில் எங்களுக்கென்றே ஒரு டிஸ்பென்சரி திறந்திருந்தது. டாக்டர் சீட்டுக் கொடுத்து வீட்டில் படுத்தால் பாதிக் கூலியும் வரும். நல்ல சட்டம்தான். ஆனால் பணத்தை முன்னால் பிடித்துவிட்டார்கள், நோய் பின்னால்தான் வரவேண்டியிருந்தது. எங்கள் ஆட்களால் அதைப் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பக்கத்து மிஷினில் நின்றவர் கடலோரக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போக, இவர் ஒருத்தர்தான் கம்பெனிக்கு வந்தவர். என்னைவிட மூத்தவர். மாமு என்று கூப்பிடுவேன்.

"நைனா, காசு புட்ச்சிகினான் இல்ல? இனிமே நோவு வரலன்னா நமக்குத்தான் நட்டம்" என்றார் அவர். "நல்லா யோசிச்சிப் பாரு. உனுக்கும் எங்கனா வலிக்கும்."

யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இன்சூரன்ஸ் அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் மருந்து. பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கிடையாது. எங்கள் ஆட்களோ இரும்பு தூக்குகிறவர்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. நோய் எல்லாம் வீட்டில் இருந்தது, அட்டை கம்பெனியில் இருந்தது. ஆகவே வீட்டு நோயைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஓர் ஆள், தனக்குக் கக்குவான் இருமல் என்று சொன்னார். உலைக்காரர் ஒருவர், மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தடுமாற்றம் கூடாது என்பதற்காக மாமு டிஸ்பென்சரி சுவர் ஓரம் நின்று ஒவ்வொருவருக்கும் ஒத்திகை பார்ப்பார். "இடுப்பு வலின்னு சொல்லாத. முதுகு வலின்னு சொல்லு. பல்லு மொளைக்குதுன்னா சொல்லுவாங்க? பல்லு ஆடுதுன்னு சொல்லு" என்று திருத்துவார்.

மருந்து இலவசம். ஆனால் தண்ணி மருந்துக்கு நாம்தான் புட்டி கொண்டுபோக வேண்டும். வாசலில் வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர் கோணி விரித்துப் பழைய புட்டிகள் விற்றார். வரிசை நீள நீள அவர் விலையும் ஏறிக்கொண்டே போனது.

"இன்னா பாய், போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலையா? அநியாயமா கீதே!" என்று மாமு சண்டை போடுவார்.

"கவர்மெண்டு சீக்காளிங்கள ஜாஸ்தி பண்ணிட்டான். நான் இன்னா பண்றது? புட்டிய நானா பெத்துப் போட்டுகினு கீறேன்?" என்பார் பாய். தக்கை தனி விலை.

அந்த வரிசையில் சேராமல் நான் பல வாரம் தப்பித்தேன். காரணம் யோக்கியம் அல்ல, கூச்சம். அதிகாரிகள் முன்னால் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முந்தைய வருஷம் ஒரு குழந்தை பிறந்து அன்றைக்கே போய்விட்டது. இந்தத் தடவை கால் இரண்டும் வீங்கின. கொலுசைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு எடுத்தோம். தலைவலி என்று சுவரில் சாய்ந்துகொள்வாள். தண்டையார்பேட்டையில் எங்கள் ஓட்டு வீட்டு வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அது நீர், தானே வடியும் என்றார்கள். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள்.

"இன்னாய்யா, கண்ணுல பூச்சி பூச்சியாப் பறக்குது" என்றாள் ஒரு நாள். "வாரா வாரம் காசு புடிக்கிறாங்க இல்ல? போயி ஒரு வார்த்தை கேளேன். இந்தக் கொயந்தையாவது தங்கட்டும்."

அதற்கு மேல் எனக்குக் கூச்சப்பட வழியில்லை. மறுநாள் பாயிடம் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். மாமு என் தோளைப் பிடித்து, "கால் வீக்கம், தலைவலி, கண்ணுல பூச்சி. மூணையும் சொல்லு. ஏழு மாசம்னு மட்டும் சொல்லிப்பூடாத" என்றார்.

டாக்டர் இளைஞர். கண்ணாடி போட்டிருந்தார். வெளியூர்க்காரர். ஊரிலிருந்து வந்த நாளாக இந்த ஆண்களுக்கு மட்டும் ஏன் இப்படி நோய்கள் வருகின்றன என்று குழம்பிப் போயிருந்தார் போலத் தெரிந்தது. நான் மூன்றையும் ஒப்பித்தேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"வீக்கம் எங்கேப்பா?"

"வூட்ல சார்."

"வீட்டிலயா?"

"வூட்டுக்குப் போனா வீங்கும் சார்."

அவர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தார். பயத்தில் என் நெஞ்சு ஆணி மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பாதரசத்தைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "ஏம்ப்பா, இவ்வளவு ரத்தக் கொதிப்பை வச்சுக்கிட்டா நடந்து வந்தே?" என்றார். மறுநாள் காலைச் சிறுநீரைப் புட்டியில் கொண்டுவரச் சொன்னார்.

இதை வீட்டில் சொன்னபோது மனைவிக்குச் சந்தேகம் வந்தது. "அவரு உன்னோடதத்தானே கேட்டாரு?"

"வீங்கிகினு கீறது யாரு காலு? உன்னோடதுதானே. அப்போ இதுவும் உன்னோடதுதான் குடுக்கணும்" என்றேன். இதில் நான் தெளிவாக இருந்தேன். டாக்டரை ஏமாற்றக் கூடாது அல்லவா?

கம்பவுண்டர் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். முட்டையின் வெள்ளை போலக் கட்டி கட்டியாகத் திரிந்தது. டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த டிஸ்பென்சரியில் அந்த நாற்காலியில் யாரையும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

"உப்பு கூடாது. எழுந்து நடக்கக் கூடாது. படுத்தே இருக்கணும். வீட்டிலே பாத்துக்க யார் இருக்கா?"

"சம்சாரம் சார்."

"அவங்களை நல்லா பாத்துக்கச் சொல்லு."

அவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதை அப்படியே செய்தேன். அதாவது அவளைப் படுக்கவைத்தேன். அவளுக்கு உப்பில்லாத கஞ்சி காய்ச்சினேன். பாதிக் கூலி வந்தது. அது இல்லாவிட்டால் நான் பகலில் வீட்டில் இருந்து அவளுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்திருக்க முடியாது. இன்றுவரை அந்தச் சட்டத்தை யார் திட்டினாலும் நான் கூடச் சேர்ந்து திட்டாததற்கு அந்த நாட்கள்தான் காரணம்.

குழாயடியில் மட்டும் தலை நிமிர முடியவில்லை. "இன்னாண்ணே, ஒடம்பு ரொம்ப முடியலையாமே?" என்று எதிர் வீட்டுப் பெண் கேட்டாள். நான் இரண்டு கையிலும் தவலையோடு நின்றேன். "சீக்கு வந்தா இப்டி சோக்கா தண்ணி தூக்கலாம்னா எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணு வரட்டும்!"

உள்ளே என் மனைவி வேறு கோபத்தில் இருந்தாள். "சீட்டு உனுக்கு, உப்பில்லாத கஞ்சி எனுக்கா? நீயும் உப்பு போட்டுக்காத" என்றாள். சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

கால் வீக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. தலைவலி குறையவில்லை. கண்ணில் பூச்சி போய், சில சமயம் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதே சமயம் மாமு சைக்கிளில் இரைக்க இரைக்க வந்தார். "நைனா, படு! டாக்டர் வந்துகினு கீறாரு! நடக்க முடியாதவன வூட்லயே வந்து பாக்கணும்னு சட்டமாம்!"

நான் பாயில் விழுந்தேன். மாமு கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டார். படுத்திருந்தவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பனைவிசிறியை எடுத்து எனக்கு விசிற ஆரம்பித்தாள். அந்த வெக்கையில் நான் கம்பளிக்குள் கிடக்க, கால் வீங்கிய ஏழு மாதக்காரி நின்றுகொண்டு எனக்கு விசிறியதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

டாக்டர் மரப்பெட்டியில் உட்கார்ந்தார். "எப்படி இருக்கே? வீக்கம் வடிஞ்சுதா?" என்றார்.

"கொஞ்சம் வடிஞ்சிது சார்" என்றேன், அவள் காலைப் பார்த்துக்கொண்டே.

அவள் டாக்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைப் பெட்டிமேல் வைக்காமல், பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் வைத்தாள். அது விழுந்து உருண்டது. அது எங்கே உருண்டது என்றும் அவள் பார்க்கவில்லை. கையால் சுவரைத் தேடினாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றை. பிறகு காலை. அவளை உட்காரவைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. என் கம்பளியை விலக்கி என் காலையும் அழுத்தினார். குழி விழவில்லை.

"அந்தப் புட்டியில இருந்தது யாருது?"

என் வாழ்க்கையில் ஓர் அதிகாரி முன்னால் நான் தடுமாறாமல் பேசியது அன்றைக்குத்தான். "எல்லாம் அவளோடது சார். காலு, தலைவலி, கண்ணு, புட்டி எல்லாம். கொதிப்பு மட்டுந்தான் என்னோடது. காப்பாத்துங்க சார்."

"சார், அவன கோச்சிக்காதீங்க. சொல்லிக் குடுத்தது நானு" என்றார் வாசலில் நின்ற மாமு.

டாக்டர் கத்தவில்லை. "ராயபுரத்திலே சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கே, நடந்து போற தூரம். ஒரு காசு கிடையாது. அங்கே ஏன் கூட்டிட்டுப் போகலை?" என்று மட்டும் கேட்டார்.

மாமுதான் சொன்னார்: "அங்க சும்மா பாக்குறாங்க சார். இங்கதானே காசு புடிக்கிறாங்க. காசு குடுத்த எடத்த வுட்டுட்டு சும்மா பாக்குற எடத்துக்கு எப்டி சார் போறது?"

டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார். மாமு ரிக்‌ஷாவுக்கு ஓடினார். ரிக்‌ஷாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கயும் உன் பேர்லதான் சேக்கணுமா?" என்று கேட்டாள். விளையாட்டுக்கா நிஜமாகவா என்று தெரியவில்லை. நான் ரிக்‌ஷாக்காரரிடம் சீக்கிரம் இழு, சீக்கிரம் இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அங்கே அவளை இருட்டறையில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். ஒரு தடவை வலிப்பு வந்ததாம். எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள். குழந்தை முன்கூட்டியே பிறந்தது. பெண். என் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரைதான் இருந்தாள். பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். அவள் பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் அது கூச்சத்தால் அல்ல. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று அவர்களாகவே சொல்கிறவரை நான் கேட்கவே இல்லை.

மறுபடி வேலைக்குப் போன அன்று ஷெட்டே காத்திருந்தது. "வா நைனா, பெத்து எந்திரிச்சிட்டியா?" என்றார்கள். "பச்ச ஒடம்பு, இரும்பு தூக்காத" என்றார் உலைக்காரர். மதியம் யாரோ என் சாப்பாட்டுத் தூக்கில் சுக்கு லேகியம் வைத்திருந்தார்கள்.

குடும்பத்தாருக்கும் மருந்து என்பது சில வருஷம் கழித்து வந்தது. பிடிக்கிற பணமும் கூடிற்று. பாதிப் பேர் ஏற்றக் கூடாது என்று ஷெட்டில் சண்டை போட்டார்கள். தன் உடம்புக்கு ஒன்றும் வராதபோது அடுத்தவன் பிள்ளைக்கு நான் ஏன் கொடுக்கவேண்டும் என்று கல்யாணமாகாத பையன்கள் கேட்டார்கள். அதுவும் ஒரு நியாயம்தான். ஏற்றலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது நான் தூக்கினேன். பேசவில்லை.

ஆனால் மகளுக்குச் சளி பிடித்தது அதற்கெல்லாம் முன்பு. ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால் வெளியே விடாத மழை. அவ்வளவு சின்ன உடம்பை நனைக்கப் பயந்து, நான் மட்டும் புட்டியோடு டிஸ்பென்சரி வரிசையில் நின்றேன்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"உனக்கு என்ன?"

"சளி சார். மூக்கு அடைச்சிகினு பால் குடிக்க முடியல."

கம்பவுண்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வயசு?"

"நாலு மாசம் சார்."

"எடை ஏறுதா?"

"ஏறுது சார். நல்லா ஏறுது."

அவர் எழுதி முடித்துச் சீட்டை நீட்டினார். "வேளைக்கு ரெண்டு சொட்டு. அதுக்கு மேலே நீ குடிக்கக் கூடாது" என்றார்.