மூச்சை எண்ணுங்கள், ஐயா

மதியம் இரண்டு மணி நாற்பது நிமிடம். காலையில் அடித்த மழை ஓய்ந்து, வெளியே வெயில் வெளுத்திருந்தது. வார்டு முழுக்க ஈரத் துணி வாடை. வலிக்கிற இடத்தை டாக்டரிடம் விட்டுவிட்டு, அந்த மனிதரின் மற்ற இடங்களையெல்லாம் கவனித்துக்கொள்வது எங்கள் தொழில். அந்த நிமிடத்தில் அதை மிகச் சரியாகச் செய்துகொண்டிருப்பதாக நம்பியிருந்தேன். மருந்து எழுதவும் ஊசி போடவும் உரிமை இல்லாமல், கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்காரும் என் சக பாவிகளே, அந்த மதியத்துக்கு முன்பு நடந்தவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. நான் உளவியலில் முதுகலை முடித்து, யோக சிகிச்சையில் ஓராண்டு பயின்றவள். ப்ராஸ்டேட் அறுவைக்கு வரும் ஆண்களுக்கு வலியும் பதற்றமும் தணிய மூச்சுப் பயிற்சி தருவதும் கைகால் நீவிவிடுவதும் என் பொறுப்பு. பெரிய டாக்டர் இதை நம்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

அலைச் சத்தம்

அலையோசை மனதை ஆற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் ரெக்கார்டரோடு மாமல்லபுரம் போய், சுற்றுலாக் கூட்டத்தைத் தாண்டி ஆளில்லாத மணலில் உட்கார்ந்து, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க அலையைப் பதிவு செய்துவந்தேன். மறுநாள் நான்காம் கட்டில் ராகவன் சாருக்கு அதைப் போட்டேன். கல்பாக்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுவைக்குப் பின் சிறுநீர் போக வைத்திருந்த குழாயை அன்று காலைதான் அவருக்கு எடுத்திருந்தார்கள். குழாய் எடுத்த முதல் நாட்களில் அடக்கும் சக்தி திரும்பியிருக்காது என்பது எனக்குத் தெரியும். அந்த விஷயத்தையும் தண்ணீர்ச் சத்தத்தையும் ஒன்றாக வைத்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

மூன்றாவது அலையில் அவர் தொடைகளை இறுக்கிக்கொண்டார். ஐந்தாவது அலையில் போர்வை நனைந்தது. ஒரு பிரிவையே மேய்த்துப் பழகிய மனிதர், நான் விரிப்பை மாற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அந்தச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த தடவை பாலைவனத்துக்குப் போய்க் காத்தைப் பிடிச்சிட்டு வாங்கம்மா."

பாதம்

அந்த வாரமே ஐந்தாம் கட்டிலுக்குக் கன்னியப்பன் வந்தார். செய்யூர்ப் பக்கம்; அறுபத்தெட்டு வயது; ஆயுள் முழுக்கப் பிறருடைய சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டியவர். மகன் படித்து உத்தியோகத்துக்குப் போய்விட்டதால் தனியார் மருத்துவமனை. துணைக்கு மனைவி பவுனம்மாள். அறுவைக்கு முந்தைய நாள் பயத்தில் அவர் உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. பாதத்தில் தொடங்கினால் உடம்பு தளரும் என்பது என் முறை. எண்ணெய் தொட்டுக் காலைப் பிடித்தேன். சூடு பட்டவர்போல் இழுத்துப் போர்வைக்குள் மடக்கிக்கொண்டார். ஊர்த் தெருவில் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த காலத்து மனிதர். படித்த பெண் ஒருத்தி தன் காலைத் தொடுவது அவருக்குப் பெரிய வில்லங்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கையை மட்டும் நீவி, மூச்சைச் சொல்லிக் கொடுத்தேன்: மூக்கால் இழுக்கும்போது நான்கு எண்ண வேண்டும், வாயால் விடும்போது ஆறு. வலி வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். சொன்னதை அப்படியே செய்தார். அவ்வளவு பணிவான மாணவர் எனக்கு வாய்த்ததில்லை. பவுனம்மாளுக்கு மட்டும் அந்தக் கால் விஷயம் ஆறவில்லை: "இத்தினி வருசம் குடும்பம் பண்ணிகினு கீறேன், அந்தக் காலை நானே புடிச்சதில்ல, நீ இன்னா டீச்சரம்மா, வந்ததும் வராததுமா புடிச்சிட்ட?"

பத்தில் எத்தனை

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். அறுவை முடிந்த மறுநாள் காலை கன்னியப்பனிடம் கேட்டேன். அவருக்குள் ஒரு குழாய் இருந்தது. மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து உப்புநீர் அதன் வழியே சிறுநீர்ப்பைக்குள் இறங்கி, ரத்தத்தைக் கழுவிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே மாட்டிய பிளாஸ்டிக் பைக்கு வந்து சேர வேண்டும். அந்தப் பை கோடு வரை நிரம்பியதும் சொல்லும்படி ஸ்டெல்லா சிஸ்டர் பவுனம்மாளிடம் சொல்லி வைத்திருந்தார்.

கன்னியப்பன் பக்கத்துக் கட்டில் ராகவன் சாரைப் பார்த்தார். "சாரு எத்தினி சொன்னாரு?" என்றார். நான்கு என்றேன். "அப்ப எனக்கு மூணு போட்டுக்கோ" என்றார். அவர் வலி வேறு, உங்கள் வலி வேறு, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் ஐயா என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனுக்கு எத்தினி வோணும்னு சொல்லு டீச்சரம்மா, அத்தையே சொல்லிடறேன்."

மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாற்பது

அன்று மதியம்தான் அது. கன்னியப்பன் கண்ணை மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. புழுக்கம் என்று நினைத்தேன். "மூச்சை எண்ணுங்கள், ஐயா" என்றேன். உதடு அசைந்தது, நான்கு, ஆறு, நான்கு, ஆறு. முனகல் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பவுனம்மாள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "டீச்சரம்மா, பை நெரம்பவே மாட்டேங்குது." பயிற்சி நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது நான் வைத்திருந்த விதி. உதட்டில் விரலை வைத்தேன். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தார், தலையசைத்துத் தடுத்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டார். பாட்டிலிலிருந்து நீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே போன தண்ணீர் எங்கே போகிறது என்று அந்த வார்டில் யோசித்தது, பள்ளிக்கூடம் பார்த்திராத அந்த ஒரு பெண்மணிதான். இருபது நிமிடம் பொறுத்தவர், சடாரென எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடி, "யக்கா, சிஸ்டரு, ஓடியாங்க, எங்க வூட்டுக்காரரு செத்துடுவாரு!" என்று கத்தினார்.

ஸ்டெல்லா சிஸ்டர் வந்ததும் முதலில் பாட்டிலை அடைத்தார். பிறகு போர்வையை விலக்கினார். அடிவயிறு குடம்போல் எழும்பியிருந்தது. ரத்தக்கட்டி குழாயை அடைத்திருந்தது. பெரிய சிரிஞ்சால் இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி மறுபடி தியேட்டருக்குத் தள்ளினார்கள். இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். தள்ளிக்கொண்டு போகையில் கன்னியப்பன் கண்ணைத் திறந்தார். வலியில் முகம் கோணியிருந்தது. என்னைத் தேடிப் பிடித்து, தவறு செய்துவிட்டவர்போல் சொன்னார்: "ஆறு வரிக்கும் வரல டீச்சரம்மா, அஞ்சுலயே வுட்டுப்போச்சு."

மறுநாள் காலை

பெரிய டாக்டர் வழக்கம்போல் ஏழு மணிக்குச் சுற்றுக்கு வந்தார். இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏற்றச் சொன்னார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. ஸ்டெல்லா சிஸ்டர், பயிற்சிக்கு முன் பையைப் பார்க்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டில் அட்டையில் செருகினார். ராகவன் சார் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஐந்தாம் கட்டில் வரை நடந்து வந்தார். "வலிச்சா கத்திடுங்க கன்னியப்பன், எனக்கும் எட்டுக்கு மேலதான் இருந்தது, அந்தம்மா கேக்கறாங்களேன்னு வெட்கப்பட்டு நாலுன்னேன்" என்றார்.

கன்னியப்பனுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. என் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடி, கேட்காமலேயே எண்ணத் தொடங்கினார். எண்ண வேண்டாம் ஐயா என்றேன். நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. நான் தரையில் மண்டியிட்டுப் பையைப் பார்த்தேன். சிவப்பாக, பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்த பவுனம்மாள் எழுந்து, தன் பாயைக் கட்டிலுக்கும் என் ஸ்டூலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. "அவுரு கத்துனா கத்தட்டும், நீ அப்பால குந்திக்கோ டீச்சரம்மா."

நம் வேலையில், தோழர்களே, நோயாளி சத்தம் போடாமல் படுத்திருந்தால் நமக்கு நல்ல பெயர். அவர் பிழைத்துக் கிடக்கத்தான் வேறு யாராவது சத்தம் போட வேண்டியிருக்கிறது.