அத்தானுக்காகச் சேர்த்த பதினான்கு பாட்டுகள்

"அங்கிளுக்குப் பாட்டு பிடிக்குமா, ஆன்ட்டி?" என்று இந்தியில் கேட்டாள், அத்தானுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்திருந்த பெண். டெல்லி துவாரகாவில் அக்கா வீட்டு ஹாலில், ஜனவரிக் குளிருக்கு ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. அக்கா யோசிக்காமல் "நஹீ" என்றாள். சக்கர நாற்காலியில் இருந்த அத்தான் இடது கையால் பிடியை ஓங்கித் தட்டினார். வலது கை மடியில் செயலற்றுக் கிடந்தது. நான் குறுக்கிட்டு, "பிடிக்கும், ஜாஸ் என்றால் அவருக்கு உயிர்" என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா பொய் சொல்லவில்லை. அந்தச் சங்கீதத்தை அவள் பாட்டுக் கணக்கில் சேர்த்ததே கிடையாது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அத்தான் டெல்லிக்கு வந்து விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் சேர்ந்தபோது, கூட வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவர் கொடுத்த கேசட்டிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அது. அதிலும் யாராவது பாடியதைத்தான் கேட்பார். "வாத்தியத்த மட்டும் கேட்டா எனக்கு ஒப்பாது மாப்ள. ஆளு மூச்சு விடுறது கேக்கணும்" என்பார். அக்காவோ, "யாரோ குளுருல நடுங்கிக்கிட்டு அழுத மாதிரி இருக்கு" என்று முகம் சுளிப்பாள். அதனால் அவர் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார், கூடவே பாடுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது. இருவருக்கும் அதில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

டிசம்பரில் ஒரு காலை, செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்த அடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் பேச்சு போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிந்தது. பதிலுக்கு வாயைத் திறந்தால் "தா… தா…" என்பதற்கு மேல் வரவில்லை. தண்ணீர், ரஜாய்ப் போர்வை, என் பெயர், அக்காவின் பெயர் எல்லாமே "தா". பேசுவது மூளையின் ஒரு பக்கம், பாடுவதற்கு மறுபக்கமும் துணைக்கு வரும் என்றாள் அந்தப் பெண். அவருக்கு மனப்பாடமான பாட்டுகளாகப் பார்த்து, சொற்கள் தெளிவாகக் கேட்கிற மாதிரி ஒரு தொகுப்பு தயார் செய்யச் சொன்னாள். சில பேருக்கு அதன் வழியாகப் பேச்சு திரும்புமாம்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். ஜாஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தான் வாயால் கேட்டதுதான். சனி, ஞாயிறுகளில் ஜனக்புரியிலிருந்து மெட்ரோ ஏறிப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒவ்வொரு பாட்டாகத் தேடினேன். கேசட்டுகள் அலமாரியில் அப்படியே இருந்தன, போட்டுக் கேட்ட கருவிதான் பழுதாகிக் கிடந்தது. அட்டையில் இருக்கும் பாட்டின் பெயரைப் பார்த்துப் போட்டால் கையை வீசி வேண்டாம் என்பார். அதே பாட்டைப் பத்துப் பேர் பாடியிருந்தார்கள், ஒரே பாடகி பத்து மேடைகளில் பாடியிருந்தாள். அவருக்கு வேண்டியது அதில் ஒன்றுதான். இரண்டாவது அடிக்கு முன்னால் பாடகி லேசாகத் தொண்டையைச் செருமுவது, யாரோ தட்டில் முள்கரண்டியை வைப்பது, இதெல்லாம் இருந்தால்தான் கண்ணை மூடிக்கொள்வார். கண் மூடினால் அது தொகுப்பில் சேர்ந்தது என்று அர்த்தம். அப்படிச் சேர்ந்தவை பதினான்கு.

தொகுப்பு வேலை முடிந்த ஞாயிறன்று முதலிலிருந்து போட்டேன். மூன்றாவது பாட்டில், பியானோ சற்றே ஒதுங்கி நின்ற இடத்தில், அத்தான் பாடினார். ஒரு முழு வரி. பிசிறு இல்லாத ஆங்கிலத்தில், அந்தப் பாடகிக்கு ஒரு மூச்சு பின்னால். அடுக்களையிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "பேசுதாரு! ஏல, அவரு பேசுதாரு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்று அந்தப் பாட்டை ஒன்பது தடவை போட்டோம்.

பேச்சு திரும்பவில்லை. பாட்டு நின்றதும் அவரும் நின்றுவிடுவார். அந்த மெட்டிலேயே "தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுத்தோம், வரவில்லை. அக்கா தன் பெயரை அந்த மெட்டில் வைத்து, கூச்சப்பட்டுக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகப் பாடிக் காட்டினாள். அவள் உதட்டையே பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க முயன்றார் அத்தான். "தா" என்றுதான் வந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா எழுந்து பால்கனிக்குப் போனாள். பின்னால் போன என்னிடம், அவர் பாடும் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். உன்னை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று அர்த்தம். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் சாமர்த்தியம் வரவில்லை.

"யாருகிட்டயோ அதச் சொல்ல வருது. எம்பேரு வரமாட்டேங்கு" என்றாள்.

தொகுப்பில் கடைசிப் பாட்டில் சொற்களே கிடையாது. பாடகர் வெறும் ஓசைகளை அடுக்கிக்கொண்டு, வாத்தியத்தோடு போட்டி போடுவார். பயிற்சிக்கு உதவாது என்று அந்தப் பெண் சொன்னதால் அதை எடுத்துவிட்டேன். அத்தான் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். திரும்பச் சேர்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அதில் தப்பாகச் சொல்லிவிடச் சொல் எதுவும் இல்லையே. "தா"வை வைத்துக்கொண்டே ஏறி இறங்கி, சுற்றி வந்து, பாடகர் முடிக்கிற இடத்தில் சரியாக முடித்துவிட்டுச் சிரிப்பார். ஹோலி சமயத்தில் ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவர் நாற்காலி அருகே பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, அவர் ஒரு "தா" சொன்னால் தானும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாளமே சேரவில்லை. என்னைக் கண்டதும், "மருந்து குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று எழுந்துவிட்டாள்.

ஜூலையில் அடைப்பு இரண்டாவது முறை வந்தபோது மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, அக்கா தன் போனை என்னிடம் நீட்டி அந்தப் பாட்டுகளை ஏற்றித் தரச் சொன்னாள். ஏற்றிக் கொடுத்தேன். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, போனைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"இதுல அந்தப் பொம்பள குரல்தான இருக்கு. அவரு குரலு எதுல இருக்கு?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. ஏழு மாதம், வாராவாரம், கையில் போனோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யார் யாரோ எந்தெந்த மேடையிலோ பாடியதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தேன். அவர் பாடியதை ஒருநாளும் பதிவு செய்யவில்லை.

"இல்லக்கா" என்றேன்.

"அச்சா" என்றாள், கோபமே இல்லாமல். பிறகு மூன்றாவது பாட்டைத் திரும்பப் போட்டாள்.