மார்கழியிலேயே பிறந்த தை

எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு ஓடு உடைந்திருந்தது. மாற்று ஓடு வாங்கி வருவதாக அப்பா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னபடி வாங்கி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

உச்சிப்பொழுதில் அந்த ஓட்டை வழியாக ஒரு வெளிச்ச வட்டம் தாத்தாவின் அறைத் தரையில் விழும். பென்னாகரம் போகும் வழியில் எங்கள் ஊர். எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி; எனக்கு எட்டு வயது. தாத்தா படுத்த படுக்கையாக இருந்தார். தட்சிணாயனத்தில் உயிர் போகக் கூடாது, தை பிறந்து சூரியன் வடக்கே திரும்பிய பிறகுதான் போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காகவே வேண்டா வெறுப்பாகக் கஞ்சி குடித்தார். "தை எப்பப் பொறக்குது?" என்று தினமும் கேட்பார். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கென்று எனக்குப் பூப்போட்ட பாவாடை தைத்து வைத்திருந்தார்கள். தாத்தாவும் கரும்புக்குத்தான் ஏங்குகிறார் என்று நினைத்து அவரை என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன்.

அரையாண்டு லீவுக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஏரியூரில் அறிவியல் வாத்தியார். எதையாவது நிரூபிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தாத்தாவைப் பார்க்கப் போனவர் தாத்தாவை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து தினமும் உச்சியில், வட்டம் விழும் இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டார். கார்த்திகை முழுக்க வடக்கே கட்டில் காலை நோக்கி ஊர்ந்து வந்த வெளிச்சம், ஒரு வாரத்தில் ஒரு விரல்கடை தெற்கே பின்வாங்கியிருந்தது.

அன்று சாப்பிடும்போது மாமா அப்பாவிடம் அறிவித்தார். "வெளிச்சம் தெக்கே போனா சூரியன் வடக்கே போவுதுன்னு அர்த்தம். சூரியன் அப்பவே திரும்பிருச்சுங்க மாமா. நம்ம தைதான் இருவத்து மூணு நாளு பின்னாடி வருது."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு என் தம்பியின் பம்பரத்தைச் சுற்றி விட்டார். சுற்றும்போதே அதன் தலை சாய்ந்து மெதுவாக ஒரு வட்டம் போட்டது. பூமியும் அப்படித்தான் தலையாட்டுகிறதாம். ஒரு ஆட்டம் முடிய ஏறக்குறைய இருபத்தாறாயிரம் வருஷம். ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் தை முதல் நாளில்தான் சூரியன் திரும்பியதாம். நாம் நட்சத்திரங்களை வைத்தே மாதத்தை எண்ணுவதால், அதன் பிறகு தை கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திவிட்டதாம்.

"பெரியவங்க கணக்கு தப்பு, உங்க கணக்கு மட்டும் சரியாக்கும்?" என்றார் அப்பா.

"எங்களுதும் தப்பாப்போவும்ங்க மாமா. அஞ்சாயிரம் பத்தாயிரம் வருஷம்னா கிட்டத்தட்ட சொல்லிப்புடலாம். கோடி வருஷத்துக்குக் கேட்டா ஆவாது. நெலா வெலகிட்டே போவுது, பூமி சுத்தறதும் சொணங்கிட்டே வருது. எவ்ளோ தப்பு வரும்னு சொல்றதே பெரிய கணக்குங்க."

"அப்ப ரெண்டுமே தப்புன்னா இருக்கறதே இருக்கட்டும். எங்கப்பா காதுல மட்டும் இதைப் போட்டுறாதீங்க மாப்ள" என்றார் அப்பா. மாமா பம்பரத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். லீவு முடிந்ததும் தாத்தாவிடம் எதுவும் சொல்லாமலே ஏரியூர் பஸ் ஏறினார்.

நல்ல சேதியை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. மறுநாள் உச்சியில், பள்ளிக்கூடம் சாப்பாட்டுக்கு விட்டதும் ஓடி வந்து தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். கரிக்கோடுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"நெசமாவா பாப்பா?"

"மாமா சொல்லுச்சு தாத்தா. கோடி வருஷத்துக்குத்தான் தப்பு வருமாம்."

"எனக்கு அவ்ளோ வேணாம்" என்று சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

அதன் பிறகு நான்தான் கோடு போட்டேன். தாத்தா ஒருக்களித்துப் படுத்தபடி பார்ப்பார். வெளிச்சம் நாலு விரல்கடை விலகிய அன்று, "போதும் பாப்பா, கரியை வெச்சிரு" என்றார். சாயங்காலம் கஞ்சி வேண்டாம் என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். பொங்கல் சாப்பிட வயிற்றில் இடம் வைக்கிறார் என்று நான் நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் தாத்தா போய்விட்டார். முகம் தெளிவாக இருந்தது. பொங்கலுக்கு மூன்று நாள் மீதி இருந்தது.

"மூணே மூணு நாளு தாங்கியிருக்கக் கூடாதா! மார்கழியில போயிட்டீங்களேப்பா" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி அழுதார்கள். அறையைக் கழுவிவிட்டபோது கரிக்கோடுகளும் தண்ணீரோடு போயின.

துக்க வீட்டில் பொங்கல் கிடையாது என்று பூப்போட்ட பாவாடையை அம்மா பெட்டிக்குள் வைத்துவிட்டாள். தன்னுடைய தை வந்ததும் தாத்தா கிளம்பிவிட்டார், என்னுடையதைக் கெடுத்துவிட்டார் என்று எனக்கு அவர் மேல் கோபமான கோபம். அப்பாவின் அழுகையை நிறுத்தக்கூடிய ஒரே வார்த்தை என்னிடம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் பாவாடைக்காக அழுதுகொண்டிருந்தேன்.