சத்தமில்லாத வீடு

எங்கள் வீட்டு டிவியில் சில வருடங்கள் யாருமே பேசவில்லை. கதாநாயகி அழுவாள், மாமியார் விரலை நீட்டி ஏதோ சாபம் விடுவாள், கிரிக்கெட்டில் விக்கெட் விழும், எல்லாம் ஊமையாக. எதிரே ஒயர் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்துப் போட்ட மேசையில் நான். திருவேற்காட்டில் எங்களுக்கு இருந்தது ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். நான் படிக்க வேண்டுமென்றால் அப்பாவும் அம்மாவும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் தானாகவே ஒரு சட்டம் வந்துவிட்டது.

எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது என்பது முதல் வருடமே எனக்குத் தெரிந்துபோனது. அனாடமி வகுப்பில் ஒரு நாள் வயிற்றின் சி.டி. ஸ்கேன் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஃபார்மலின் நெடியில் கண் எரியப் பிணத்துக்குள் நான் தேடித் தேடித் தோற்ற கணையம் அதில் சாதுவாகப் படுத்திருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்தேன், மேற்படிப்பு ரேடியாலஜிதான். சீனியர் அக்கா ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், இருக்கிற இடமோ கொஞ்சம், நுழைவுத் தேர்வில் முன்னால் நிற்பவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கடைசி வருடத்தில் புத்தகத்தைத் திறப்பவர்களுக்கு மிச்சம் மீதிதான் என்றார். வேண்டுமென்றால் இப்போதே ஆரம்பி என்றார். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

காதில் ஹெட்போன், போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் பாடம், பாடம் முடிந்தால் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். வகுப்புத் தோழிகள் பூந்தமல்லிக்குச் சினிமா பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்கள். பிறகு, வருவாயா என்று பேருக்குக் கேட்டார்கள். பிறகு, போய்வந்த போட்டோக்களை மட்டும் அனுப்பினார்கள். அப்புறம் அதுவும் நின்றது. சில நாட்களில் காலையிலிருந்து நான் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க மாட்டேன். அம்மா என் தோளைத் தொட்டு, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவாள். சாப்பிட வா என்று அர்த்தம். நான் தலையாட்டுவேன். பெற்றவர்கள் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அப்படித் தனியாக இருந்தேன். வலிக்கத்தான் செய்தது. சீட் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா முன்பெல்லாம் அடங்கி உட்காரும் ஆள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. தகட்டை அடித்து வளைக்கும் மெஷின்களுக்கு நடுவே கத்திக் கத்தியே பேசிப் பழகியவர், வீட்டிலும் தெருக்கோடி வரை கேட்கும்படிதான் சூப்பர்வைசரைத் திட்டுவார். அந்த மனிதர் மகளுக்காக இப்படி மாறிவிட்டாரே என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். அம்மாவுக்குப் பிடித்தது இந்தியிலிருந்து வந்த ஒரு டப்பிங் சீரியல். அதை அவர் வைக்க விடமாட்டார். சத்தமே இல்லாத டிவியில் எந்த ஊர் சீரியலாக இருந்தால் என்ன என்று அம்மா சைகையிலேயே சண்டை போடுவாள். அவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார்.

மேற்படிப்புக் கவுன்சிலிங் முடிவு வந்த மதியம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். என் பெயருக்கு எதிரே ரேடியாலஜி என்று இருந்தது, மதுரையில். உட்கார்ந்த இடத்திலிருந்தே, கிடைத்துவிட்டது அப்பா என்றேன். அவர் முதுகு அசையவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். விளையாடுகிறார் என்று நினைத்து எழுந்து போய், அவர் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினேன். கூட்டிக்கொண்டே போனேன். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அப்பா எப்போதும் பார்க்கிற அதே முகத்தோடு என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். இரைச்சலான வேலை செய்கிறவர்களுக்குக் காது மந்தமாவதைப் பற்றி எத்தனையோ கேள்விகளுக்குச் சரியான விடையை அழுத்தியிருக்கிறேன். டிவியை அணைத்துவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்.

“ரெண்டு மூணு வருசமா காது இப்டிதாம்மா கீது. சொன்னா நீ புக்க மூடிட்டு என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு அலைவ. நீ படிச்சிகினு இருந்த வரிக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. ஊட்ல யாரும் பேசல, அதனால யாருக்கும் தெரியல.”

டப்பிங் சீரியலில் உதடு இந்தியில் அசையும், தமிழ் சீரியல் என்றால் அவருக்கு வாயசைவே போதும். ரிமோட்டுக்காக அவர் போட்ட சண்டை எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிடைத்துவிட்டது என்று மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். அவருக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இன்னொரு தபா சொல்லு என்றார்.

இப்போது மதுரையில் இருக்கிறேன். அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட்டால் பிரஸ் ஷாப்பே தலைக்குள் வந்துவிடுகிறது என்று டப்பாவிலேயே வைத்திருக்கிறார். நாங்கள் ஸ்கேன் பார்க்கும் அறையில் விளக்குப் போடுவதில்லை. திரையில் ஒரு சின்ன நிழல்கூடத் தப்பிவிடக் கூடாது, அதற்காக இருட்டு. ஆசைப்பட்டு, அத்தனை வருடம் காத்திருந்து வந்த அறை. நோயாளியின் பெயரும் வயதும் திரைக்கு வரும், ஆள் வருவதில்லை. ஒரு முழு வாக்கியம் பேசாத நாட்கள் இங்கேயும் எனக்கு உண்டு. சாயங்காலமானால் அப்பா வீடியோ காலில் வருவார். நான் ஏதாவது சொல்லத் தொடங்குவதற்குள், தெருக்கோடி வரை கேட்கும் குரலில் அவர் முந்திக்கொள்வார்.

“வெளிச்சத்துக்கு வாம்மா. நீ பேசறது தெரியல.”