அணைகளில் இறங்கிப் பார்த்தோம்

குற்றாலத்தில் கிளம்பி, சிற்றாற்றை ஒட்டியே சைக்கிளில் போய், அது தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரி வரைக்கும் பார்த்துவிட வேண்டும். நானும் நண்பன் முருகனும் தென்காசியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். குளிக்கத் தோதான தடுப்பணைகளை செல்போனில் குறித்துக்கொண்டிருந்தோம்.

டீயை வைத்த கடைக்கார அக்கா நகரவில்லை.

"ஆத்தோரமாவே போறியளா தம்பி? அணையிலதான் எல்லாம் வந்து ஒதுங்கும். கொஞ்சம் பாத்துட்டு வாங்க. நீலக்கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்தாவ."

ஐப்பசி வெள்ளத்தில் அவருடைய கணவரை அந்த லுங்கியோடு ஆறு அடித்துப் போயிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

"தாலியக் கழட்டணுமா வேண்டாமான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ" என்றார். நெற்றியில் குங்குமம் இருந்தது.

போனோம். ஒரு அணையிலும் குளிக்கவில்லை. முள்ளிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்கிக் கிடந்த துணிகளையெல்லாம் குச்சியால் புரட்டினோம். நீலமாக எது தெரிந்தாலும் கிட்டே போய்க் கட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

திரும்பி வந்து, "ஒண்ணும் கெடைக்கலக்கா" என்றேன்.

அவர் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எந்தச் சேதிக்காகக் காத்திருந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்தத் துணிகளைப் புரட்டும்போது நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று எனக்கும் தெரியவில்லை.